வெள்ளவத்தையில் ஆறு சனிக்கிழமைகள்: அணுக்கருவிலிருந்து அணுகுண்டு வரை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில், ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர் சனிக்கிழமை மாலைகளில் நடத்திய ஆறு வாரத் தொடர் வகுப்பைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். பௌதிகவியலில் நிகழ்ந்த கண்டுபிடிப்புகள் எவ்வாறு அணுகுண்டில் போய் முடிந்தன என்பதே வகுப்பின் பொருள். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கும் என் மகளைக் கொண்டுபோய் விடுவதற்காகவே முதல் நாள் சென்றேன். அரை மணி நேரம் பின்வரிசையில் இருந்து கேட்ட நான், அன்று மாலையே எனக்கும் சேர்த்துப் பணத்தைக் கட்டிவிட்டு, ஆறு கிழமையும் தவறாமல் போனேன். பெரியவர்களுக்கு 6,000 ரூபாய், மாணவர்களுக்கு அதில் பாதி. கொழும்பில் ஒரு பாடத்துக்கான மாதாந்த டியூஷன் செலவை அறிந்தவர்களுக்கு இது பெரிய தொகையாகத் தோன்றாது.

இது பரீட்சைக்குத் தயார்ப்படுத்தும் வகுப்பன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடந்தகால வினாத்தாள் எதுவும் செய்யப்படுவதில்லை. இருபத்தைந்து பேர் வரை இருந்தோம். பாதிப் பேர் உயர்தர மாணவர்கள், மற்றவர்கள் என்னைப் போன்ற பெற்றோர், ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர் சிலர், செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் ஒருவர், கொட்டாஞ்சேனையிலிருந்து மகனுடன் வரும் ஒரு மூத்த அம்மா. பாடசாலையில் பௌதிகவியலைக் கைவிட்டு முப்பது ஆண்டுகளாகிவிட்ட என்னாலும், இன்று அதையே இரவு பகலாகப் படிக்கும் என் மகளாலும் ஒரே வாங்கில் இருந்து கேட்கக்கூடியவாறு ஒரு வகுப்பை நடத்துவது எளிதான காரியமல்ல. அதை அந்த ஆசிரியர் செய்து காட்டினார் என்பதற்காகவே இந்த மதிப்பீட்டை எழுத உட்கார்ந்தேன்.

முதல் வகுப்பு வழக்கமான இடத்தில்தான் தொடங்கியது. 1896 இல் பெக்கரல் யுரேனிய உப்பிலிருந்து கதிர் வருவதைக் கண்டது, 1898 இல் கியூரி தம்பதியினர் பொலோனியத்தையும் ரேடியத்தையும் இனங்கண்டது, 1911 இல் இரதபோர்ட் அணுவுக்கு ஒரு கரு உண்டென்று நிறுவியது ஆகிய மூன்றும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தன. பாடநூலில் இருப்பதை விட அதிகமாக இதில் எதுவும் கிடைக்கவில்லை. முதல் நாளோடு நின்றுவிட்ட இருவர் இதனால்தான் நின்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒரு கிழமை பொறுத்திருக்கலாம்.

ஏனெனில் இரண்டாம் வகுப்பு பலாங்கொடையில் தொடங்கியது. 1904 இல், அப்போது இலங்கையின் கனிய அளவைப் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பகுதியில் கிடைத்த பாரமான கறுப்புக் கனியமொன்றை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தினார். தோரியமும் யுரேனியமும் செறிந்த அந்தக் கனியத்துக்குப் பின்னர் தோரியனைற்று என்று பெயரிடப்பட்டது. கலை வரலாற்றறிஞராகவே நாம் அறிந்திருக்கும் குமாரசுவாமி, கொழும்பில் பிறந்த ஒரு புவிச்சரிதவியலாளராகத் தம் வாழ்வைத் தொடங்கியவர் என்பதே வகுப்பிலிருந்த பலருக்குப் புதிய செய்தி. அதற்கு மேலும் ஒன்று இருந்தது. இலங்கையிலிருந்து போன தோரியனைற்றிலிருந்து பிரித்தெடுத்த பொருளில், லண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் வேலை பழக வந்திருந்த இளம் ஜெர்மன் இரசாயனவியலாளர் ஒருவர், 1905 இல் ரேடியோதோரியம் என்ற புதிய கதிர்த்தொழிற்பாட்டு (தானாகவே கதிர் வீசும்) பொருளைக் கண்டுபிடித்தார். அவருடைய வாழ்க்கையைக் கதிர்த்தொழிற்பாட்டின் பக்கம் திருப்பியது அந்தக் கண்டுபிடிப்பே. அவர் பெயர் ஒட்டோ ஹான். முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து பெர்லினில் யுரேனியக் கரு பிளவதைத் தம் பரிசோதனையில் கண்டவரும் அவரே. இதைச் சொல்லிவிட்டு ஆசிரியர் சற்று நேரம் பேசாமல் நின்றார். தொலைதூரத்துக் கதையாக அதுவரை கேட்டுக்கொண்டிருந்த அனைவரும் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

மூன்றாம் வகுப்பே என் கணிப்பில் இந்தத் தொடரின் உச்சம். 1932 இல் சாட்விக், அணுக்கருவிலுள்ள நியூத்திரன் என்ற துகளைக் கண்டுபிடித்ததிலிருந்து 1939 தொடக்கம் வரையான ஏழு ஆண்டுகளை ஆசிரியர் ஒரே மாலையில், ஆனால் சற்றும் அவசரமில்லாமல், கொண்டு சென்றார். ஏற்றமில்லாத நியூத்திரனைக் கரு தள்ளிவிடாது என்பதால் அது உள்ளே நுழையக்கூடிய திறவுகோலாயிற்று. 1933 செப்டெம்பரில் லண்டன் தெருவொன்றைக் கடக்கையில், ஒரு நியூத்திரனை வாங்கி இரண்டை வெளிவிடும் மூலகம் ஒன்று கிடைத்தால் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகிச் செல்லும் சங்கிலித் தாக்கம் நிகழும் என்ற எண்ணம் பௌதிகவியலாளர் லியோ சிலார்டுக்குத் தோன்றியது. மறு ஆண்டு ரோமில் இத்தாலியப் பௌதிகவியலாளர் பெர்மியின் குழுவினர், பளிங்கு மேசையில் வைத்த மாதிரியை விட மரமேசையில் வைத்த மாதிரி கூடுதலாகக் கதிர் வீசுவதைக் கண்டு குழம்பி, நடுவில் மெழுகுக் கட்டியை வைத்துப் பார்த்து, மெதுவாக்கப்பட்ட நியூத்திரனே வலியது என்ற உண்மைக்கு வந்து சேர்ந்தனர். மரத்திலும் மெழுகிலும் ஐதரசன் இருக்கிறது, பளிங்கில் இல்லை. நியூத்திரன் தன் திணிவுக்கு ஏறக்குறையச் சமமான ஐதரசன் கருவில் மோதும்போதுதான் வேகத்தை நன்றாக இழக்கும். மகள் படிக்கும் மீள்தன்மை மோதுகைக் கணக்கு இதுவேதான். கரம் பலகையில் ஒரு காய் மற்றொரு காயில் நேராக மோதி நின்றுபோக, அடிபட்ட காய் ஓடுவதை உதாரணம் காட்டியபோது மாணவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

பெர்மி யுரேனியத்தை நியூத்திரனால் தாக்கியபோது உண்மையில் அதைப் பிளந்திருந்தார். ஆனால் யுரேனியத்துக்கு அப்பாலுள்ள புதிய மூலகங்களை உண்டாக்கிவிட்டதாகவே கருதினார். கரு பெரிய துண்டுகளாக உடைந்திருக்கக்கூடும் என்று அதே 1934 இல் இடா நொடாக் என்ற பெண் இரசாயனவியலாளர் எழுதியதை எவரும் பொருட்படுத்தவில்லை. நான்கு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. 1938 டிசம்பரில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும், நியூத்திரனால் தாக்கிய யுரேனியத்தில் அதைவிட மிக இலேசான மூலகமான பேரியம் இருப்பதைக் கண்டனர். நம்ப முடியாமல் ஹான், நாட்டை விட்டுத் தப்பியோட நேர்ந்திருந்த தங்கள் நெடுங்காலக் கூட்டாளி லீசே மைட்னருக்குக் கடிதம் எழுதினார். சுவீடனில் நத்தார் விடுமுறையில் தம் சகோதரியின் மகன் ஒட்டோ பிரிஷுடன் பனியில் நடந்துபோன மைட்னர், ஒரு மரத்தண்டின் மேல் உட்கார்ந்து துண்டுக் கடதாசியில் கணக்குப் போட்டார். நீர்த்துளி நீண்டு, இடுப்பு ஒடுங்கி, இரண்டாகப் பிரிவதுபோலக் கரு பிரியும். பிரிந்த இரு துண்டுகளும் ஒன்றையொன்று தள்ளுகையில் 200 மில்லியன் இலத்திரன் வோல்ற்றளவு சக்தி வெளிப்படும். அந்தச் சக்திக்கு ஈடாக ஒரு புரோத்தனின் திணிவில் ஐந்திலொரு பங்கு குறையும். இரு வழியாகவும் போட்ட கணக்கு ஒன்றுக்கொன்று பொருந்தியது.

அந்தக் கணக்கை ஆசிரியர் வெண்பலகையில் வரிவரியாகச் செய்தார். "இதிலை ஒரு மந்திரமும் இல்லை, பிள்ளையள். பெருக்கிப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு, விடை எங்கள் கொப்பிகளில் வரும்வரை காத்திருந்தார். கருப்பிளவைக் கண்டறிந்ததற்கான நோபல் பரிசு பின்னர் ஹானுக்கு மட்டும் வழங்கப்பட்டதையும், குண்டு செய்யும் வேலைக்கு அழைக்கப்பட்டபோது மைட்னர் அதை மறுத்துவிட்டதையும் அவர் சொன்னது ஓரிரு வசனங்களில்தான். ஆயினும் பின்வரிசையில் அமர்ந்திருந்த பெண்கள் பலர் அன்று படிக்கட்டில் இறங்கும்போது பேசிக்கொண்டது மைட்னரைப் பற்றியே.

நான்காம் வகுப்பில் ஒரு பெரிய தட்டு வந்தது. அதில் 993 பயறும் ஏழு உழுந்தும் இருந்தன. எண்ணிப் போட்டவர் ஆசிரியரின் மனைவி என்று பின்னர் அறிந்தேன். மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களுக்கு ஏழு மட்டுமே யுரேனியம் 235. எஞ்சியவை ஏறக்குறைய எல்லாம் 238. மெதுவான நியூத்திரனால் பிளப்பது அந்த ஏழுதான். என் மகளும் இன்னொரு மாணவியும் உழுந்துகளைப் பொறுக்கி எடுக்க இரண்டு நிமிடங்கள்கூட ஆகவில்லை. அதன் பிறகே ஆசிரியர் விடயத்துக்கு வந்தார். உழுந்தை நிறத்தால் பிரித்தீர்கள். இந்த இரண்டு சமதானிகளுக்கும் (ஒரே மூலகத்தின், திணிவில் மட்டும் வேறுபடும் அணுக்களுக்கும்) நிறம் ஒன்று, இரசாயன இயல்பு ஒன்று, வித்தியாசம் திணிவில் நூற்றுக்கு ஒன்றைச் சற்றுத் தாண்டிய அளவு மட்டுமே. இனி எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டார். எவரிடமும் பதில் இல்லை. 1939 இல் டென்மார்க்கின் பௌதிகவியலாளர் நீல்ஸ் போரிடமும் திருப்தியான பதில் இருக்கவில்லை. ஒரு நாட்டையே தொழிற்சாலையாக மாற்றினாலொழிய இது நடவாது என்றே அவர் கருதினார்.

பௌதிகவியல் எங்கே முடிகிறது, ஆயுதம் எங்கே தொடங்குகிறது என்பதை இந்தத் தட்டு காட்டியதுபோல வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை. கரு பிளவுபடும் என்பது இயற்கை. அந்த ஏழைப் பொறுக்கி எடுப்பது ஓர் அரசின் தீர்மானம். 1940 மார்ச்சில் பர்மிங்ஹாமிலிருந்து பிரிஷும் இன்னொரு பௌதிகவியலாளரான பையெர்ல்ஸும் எழுதிய குறிப்பு, தூய யுரேனியம் 235 தொன் கணக்கில் தேவைப்படாது, ஒரு கிலோகிராம் அளவே போதும் என்று மதிப்பிட்டது. உண்மையான தேவை அதைவிடப் பல மடங்கு என்பது பின்னர் தெரியவந்தாலும், செய்ய முடியாததென்று ஒதுக்கி வைத்ததை அரசாங்கங்கள் எடுத்துப் பார்க்கத் தொடங்கியது அந்தக் குறிப்புக்குப் பிறகுதான். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றுக்கு ஐன்ஸ்டைன் கையெழுத்திட்ட கடிதமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள் எங்களில் பலர். கடிதம் எழுதப்பட்டது 1939 ஓகஸ்டில்; பெருமெடுப்பிலான வேலை தொடங்கியது 1942 இல். நடுவில் கிடந்த மூன்று ஆண்டுகளையும் ஆசிரியர் கவனமாக நிரப்பினார்.

போகல சுரங்கத்திலிருந்து எடுத்த காரீயக் (கிரபைற்று) கட்டி ஒன்றும் அன்று கை மாறிப் போயிற்று. எல்லார் விரல்களும் கறுத்தன. சிக்காகோவில் 1942 டிசம்பர் 2 ஆம் திகதி, விளையாட்டரங்கொன்றின் பார்வையாளர் மேடைக்குக் கீழே, நியூத்திரனை மெதுவாக்குவதற்காக 40,000 இற்கும் மேற்பட்ட காரீயக் கட்டிகளை அடுக்கி, இடையிடையே யுரேனியத்தை வைத்து, பெர்மியின் குழுவினர் முதலாவது கட்டுப்படுத்திய சங்கிலித் தாக்கத்தை நிகழ்த்தினர். அன்று பெற்ற வலு அரை வாற்று. டோர்ச் விளக்குக்கே போதாது. அங்கே பயன்பட்டது தொழிற்சாலையில் செய்த மிகத் தூய காரீயம், எங்கள் போகலக் காரீயமல்ல என்று ஆசிரியர் தாமே தெளிவுபடுத்தியது எனக்குப் பிடித்தது. ஊர்ப் பெருமைக்காக உண்மையை வளைக்கவில்லை. காரீயத்தில் போரன் துளியளவு கலந்திருந்தாலும் அது நியூத்திரனை விழுங்கிவிடும். ஜெர்மனியில் காரீயத்தை அளந்து பார்த்து, உதவாது என்று முடிவுகட்டி, அதற்குப் பதிலாகப் பாரநீரை (ஐதரசனின் பாரமான சமதானி கொண்ட நீரை) நம்பிப் போனார்கள். அமெரிக்காவிலோ சிலார்ட் தூய காரீயத்துக்காகக் கம்பனிகளை நெருக்கினார்; கிடைத்த அளவீட்டை வெளியிடாமலும் தடுத்தார்.

ஐந்தாம் வகுப்பு, அணுகுண்டைச் செய்த அமெரிக்காவின் மான்ஹாற்றன் திட்டம். இதில் எனக்குக் குறை உண்டு. ஓக் ரிட்ஜ், ஹான்ஃபோர்ட், லொஸ் அலமோஸ் என்ற மூன்று இடங்களையும், திட்டத்தை நடத்திய இராணுவத் தளபதி குரோவ்ஸ், லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத் தலைவர் ஒப்பன்ஹைமர் ஆகிய இருவரையும் பற்றி வேண்டியதைவிடக் கூடுதலான விபரங்கள் வந்தன. குறித்த நேரத்தைத் தாண்டியும் வகுப்பு நீண்டது. மனதில் நின்றவை இரண்டு. செம்பு தட்டுப்பாடாக இருந்ததால், சமதானிகளைப் பிரிக்கும் மின்காந்தங்களின் சுருள்களுக்காக அமெரிக்கத் திறைசேரியிடம் 13,000 தொன்னுக்கும் மேற்பட்ட வெள்ளியை இரவல் வாங்கினார்கள் என்று கேட்டதும், செட்டியார் தெரு ஐயா தம்மையறியாமலே "தொன்னோ?" என்று கேட்டுவிட்டார். மற்றையது, யுரேனியத்திலிருந்து செய்யும் இன்னொரு குண்டுப் பொருளான புளுத்தோனியம். அணு உலையில் உண்டாகும் புளுத்தோனியத்தில் 240 என்ற சமதானியும் கலந்திருப்பதால் அது தானாகவே பிளந்து நியூத்திரன்களை வெளிவிடும். துப்பாக்கியில் சுடுவதுபோல ஒரு துண்டை மற்றதன்மேல் எறிந்தால், இரண்டும் சேருமுன்பே தாக்கம் தொடங்கிப் பிசுபிசுத்துவிடும். ஆகவே 1944 இல் முழு ஆய்வுகூடத்தையும் மறுசீரமைத்து, கோளத்தைச் சுற்றிலுமிருந்து ஒரே கணத்தில் உள்நோக்கி நசுக்கும் முறைக்குத் திரும்பினார்கள். அதைத்தான் 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிக்கோப் பாலைவனத்தில் சோதித்தார்கள்.

ஆறாம் வகுப்புக்குச் செட்டியார் தெரு ஐயா தம் கடையின் தராசைக் கொண்டுவந்திருந்தார். மில்லிகிராம் வரை காட்டும் சிறிய இலத்திரனியல் தராசு. ஆசிரியர் அதன்மேல் ஒவ்வொன்றாக அரிசி மணிகளைப் போட, திரையில் 0.700 என்று விழுந்தபோது நிறுத்தினார். ஹிரோஷிமாவில் போட்ட குண்டில் ஏறக்குறைய 64 கிலோகிராம் யுரேனியம் இருந்தது. அதில் பிளந்தது ஒரு கிலோகிராமுக்கும் குறைவு. சக்தியாக மாறிய திணிவு இந்தளவுதான், கிராமில் பத்தில் ஏழு. ஒரு பவுண் எட்டுக் கிராம் என்பதால், அது பவுணில் பத்திலொன்றுகூட இல்லை. "மூக்குத்தி நிறை" என்று ஐயா மெல்லச் சொன்னார். 0.0007 கிலோகிராமை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினோம். 63 இலட்சம் கோடி யூல் சக்தி வந்தது. ஆயிரம் தொன் டி.என்.டி. வெடிமருந்துக்கு 4.2 இலட்சம் கோடி யூல் என்று வகுத்தோம், 15 வந்தது. 1945 ஓகஸ்ட் 6 காலை 8.15 இற்கு வெடித்தது அந்தப் பதினையாயிரம் தொன். அவ்வாண்டு முடிவதற்குள் அந்நகரில் ஏறக்குறைய 140,000 பேர் இறந்துபோயினர். கணக்கு முடிந்தபின் தராசின் மேல் கிடந்த அரிசியை எவரும் தொடவில்லை. கரையோர ரயில் ஒன்று கடந்துபோகும் சத்தம் மட்டும் கேட்டது.

கொட்டாஞ்சேனை அம்மா அப்போதுதான் பேசினார். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டபோது தம் பெற்றோர் துறைமுகத்துக்கு அருகில் குடியிருந்ததாகவும், கிடைத்த ரயிலில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் ஓடியதாகவும், அந்தப் பயத்தைச் சாகும்வரை தாயார் சொல்லிக்கொண்டே இருந்ததாகவும் சொன்னார். பிறகு, "அண்டைக்கு எங்களுக்குக் குண்டு போட்டவனின்ர ஊர்ப் பிள்ளையளுக்காகத்தான் இண்டைக்கு அழுகை வருது" என்றார். ஆசிரியர் அதற்கு விளக்கம் எதுவும் சொல்ல முற்படவில்லை. அது சரியென்றே எனக்குப் பட்டது.

இதற்குப் பின் எஞ்சியிருந்தது இருபது நிமிடங்கள் மட்டுமே. என் முதன்மையான முறைப்பாடு இதுதான். நாகசாகி நான்கு வசனங்களில் முடிந்தது. 1945 ஜூனில், மக்கள் மேல் போடாமல் வெறுநிலத்தில் வெடித்துக் காட்டுமாறு விஞ்ஞானி பிராங்க் தலைமையிலான குழு கொடுத்த அறிக்கையும், ஜூலையில் எழுபது பேர் வரை ஒப்பமிட்ட சிலார்டின் மனுவும் பெயரளவில் வந்துபோயின. ஜெர்மனியிடம் குண்டு இல்லையென்று தெரிந்ததும் 1944 இன் இறுதியில், மனச்சாட்சியின் பேரால் லொஸ் அலமோஸை விட்டு வெளியேறிய ஒரே விஞ்ஞானியான ஜோசப் ரொட்பிளாட் பற்றி ஆசிரியர் பேசத் தொடங்கியபோது, பெற்றோர் சிலர் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். கண்டுபிடித்தவர்கள் தாங்கள் கண்டுபிடித்ததை என்ன செய்தார்கள் என்ற கேள்வியோடு ஆறு கிழமை இருந்தவர்களுக்கு, அந்த மனிதர்களின் கதை முழுதாகக் கிடைத்திருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பின் பாதியைக் குறைத்திருந்தால் இடம் கிடைத்திருக்கும்.

வேறு குறைகள் சிறியவை. கொடுக்கப்பட்ட பிரதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழில் இருந்த சில தாள்களில் ஒரு பக்கத்தில் சமதானி, மறுபக்கத்தில் ஐசோடோப்பு, ஒரு இடத்தில் கருப்பிளவு, இன்னொரு இடத்தில் அணுப்பிளப்பு என்று கலந்து கிடந்தன. உயர்தர மாணவர்களுக்கு இது வீண் குழப்பம். மண்டபத்தில் மின்விசிறிகள் இரண்டு இருந்தும் ஒன்றுதான் சுற்றியது. கடற்பக்க யன்னலைத் திறந்தால் ரயில் சத்தம், மூடினால் புழுக்கம். வாகனம் நிறுத்த இடமில்லை. காலி வீதியில் பஸ்ஸில் வந்து இறங்கி நடப்பதே நல்லது. இடைவேளையில் தரும் தேநீரும் கடலை வடையும் நன்றாகவே இருந்தன.

உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ படிக்கும் பிள்ளைகள் உள்ளவர்கள், பிள்ளையை மட்டும் அனுப்பாமல் தாங்களும் போக வேண்டும் என்பதே என் பரிந்துரை. அடுத்த தொடர் பாடசாலை விடுமுறைக்குப் பின் தொடங்குமென்று சொல்லப்பட்டது. கடைசி வகுப்பை இரண்டாகப் பிரித்து ஏழு கிழமையாக்குமாறு நாங்கள் சிலர் எழுதிக் கொடுத்தோம். யோசிப்பதாக ஆசிரியர் சொன்னார். பிரித்தால், அந்த ஏழாவது சனிக்கிழமைக்கு நானும் மகளும் மறுபடி பணம் கட்டிப் போவோம்.